கணக்கு எழுதிய குருவின் ஊர்: சுல்தான்பூர் லோதியில் தெரிந்துகொண்டவை

பஞ்சாப் போகும் நம் ஊர்க்காரர்களின் திட்டத்தில் அமிர்தசரஸ் இருக்கும், வாகா எல்லை இருக்கும், இன்னும் ஒரு நாள் கிடைத்தால் ஆனந்த்பூர் சாகிப் இருக்கும். சுல்தான்பூர் லோதி அநேகமாக இருக்காது. சேர்த்துக்கொள்கிறவர்களும் பெரிய குருத்வாராவில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லங்கர் என்ற இலவசப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரத்தில் வண்டி ஏறிவிடுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

சீக்கிய மதத்தைத் தோற்றுவித்த குரு நானக் 1469-இல் பிறந்த தல்வண்டி இன்று பாகிஸ்தானில் நன்கானா சாகிப் என்ற பெயரில் இருக்கிறது. கடைசிக் காலத்தில் விவசாயம் செய்து வாழ்ந்த கர்த்தார்பூரும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கத்தில் அவர் வீடு பிடித்து, வேலைக்குப் போய், மனைவி மக்களோடு நீண்ட காலம் இருந்த ஊர் சுல்தான்பூர் லோதி. சுமார் பதினான்கு ஆண்டுகள் என்று சொல்கிறார்கள். மூத்த மகன் ஸ்ரீசந்தும் இளையவர் லக்மி தாஸும் இங்கேதான் பிறந்தார்கள். ஒரு ஞானியின் குடும்ப வாழ்க்கையை இடம் இடமாக நடந்து பார்க்கக்கூடிய ஊர் எத்தனை இருக்கும்? அதற்கு ஒரு மணி நேரம் போதவே போதாது.

கபூர்தலாவுக்கும் சுல்தான்பூர் லோதிக்கும் நடுவில் ஹுசைன்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை இருக்கிறது. பெரம்பூர் தொழிற்சாலை 1955-இல் தொடங்கியது. இது அதற்குப் பிறகு, 80-களில் வந்தது. இதன் ஸ்டோர்ஸ் பிரிவில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. சுல்தான்பூர் லோதி பக்கத்து ஊர் என்பதால் விடுமுறை நாட்களில் ரயிலிலோ பைக்கிலோ போய்விடுவேன். சரக்கு வாங்கி வைப்பது, வழங்குவது, கையிருப்புக்கும் லெட்ஜருக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, இதுதான் என் தொழில். அந்த ஊரில் குரு நானக் பார்த்ததும் இதே வேலைதான் என்று தெரிந்தபிறகு, அங்கே போவது எனக்கு வெறும் கோயில் தரிசனமாக இல்லை.

குரு நானக்கின் அக்கா பேபே நானகியின் கணவர் ஜெய்ராம், சுல்தான்பூரை ஆண்ட நவாப் தௌலத் கான் லோதியிடம் வேலையில் இருந்தவர். அவர் சொல்லித்தான் நானக்குக்கு மோதிகானாவில் வேலை கிடைத்தது. மோதிகானா என்பது அரசின் தானியக் கிடங்கு. அந்தக் காலத்தில் வரியாக வருவதும் தானியம், சம்பளமாகப் போவதும் பெரும்பாலும் தானியம். ஆகவே கிடங்கைப் பார்ப்பவர் கையில்தான் ஊரின் வயிறு இருந்தது. நானக் தானியம் நிறுத்துக் கொடுத்த இடம் என்று காட்டப்படுவது குருத்வாரா ஹட் சாகிப். கடைத்தெருவை ஒட்டிய இடம். உள்ளே பழைய எடைக்கற்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். தேய்ந்து வழவழவென்று ஆன கற்கள். பெரிய குருத்வாராவோடு திரும்பிவிடுகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. நான் யாரைக் கூட்டிப் போனாலும் முதலில் இங்கேதான் போவேன்.

ஏழைகளுக்குத் தாராளமாக அள்ளிக் கொடுத்துக் கிடங்கைக் காலி செய்கிறார் என்று நவாபிடம் புகார் போனது. கணக்கைச் சரிபார்க்க ஆள் வந்தது. அந்தத் தணிக்கை நடந்ததாகச் சொல்லும் இடம் குருத்வாரா கோட்டரி சாகிப். ஒரு சின்ன அறையின் நினைவு. பார்த்து முடித்ததும் கணக்கில் பற்றாக்குறை இல்லை, நானக்குக்கே பாக்கி வர வேண்டியிருந்தது என்று அவர் வாழ்க்கையைச் சொல்லும் ஜனம்சாகி கதைகள் சொல்கின்றன. ஸ்டாக் வெரிஃபிகேஷன் நாளில் ஸ்டோர்ஸ்காரன் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். தாராளமாகக் கொடுப்பவன் கணக்கில் தளர்வாக இருப்பான் என்று ஊர் நினைக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதுதான் இந்தக் கதை. வேலையில் எனக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு, அவசரமாகச் சாமான் கேட்டு வருகிறவனிடம் படிவத்தைக் காட்டி அலையவிடாமல், அதே நேரம் பதிவு ஒன்றும் விடாமல் கொடுத்தனுப்ப முடியும் என்ற பிடிவாதம் வந்தது.

அடுத்தது கருப்பு ஓடை. காலி பேய்ன் என்று உள்ளூரில் சொல்கிறார்கள். ஊரை ஒட்டி ஓடுகிறது. தினமும் விடியற்காலையில் நானக் குளிக்கப் போன ஆறு இது. ஒரு நாள் தண்ணீரில் இறங்கியவர் வெளியே வரவில்லை. நவாப் ஆள்விட்டு வலை வீசித் தேடச் சொன்னார். எல்லோரும் அவர் மூழ்கிவிட்டார் என்றே முடிவுக்கு வந்தார்கள். அக்கா மட்டும் நம்பவில்லை. மூன்றாம் நாள் வேறோர் இடத்தில் கரையேறினார். அந்த இடம் ஊருக்குச் சற்று வெளியே இருக்கும் சந்த் காட். இந்து என்றும் இல்லை, முஸ்லிம் என்றும் இல்லை என்பதுதான் அவர் கரையேறிச் சொன்ன முதல் பேச்சு என்பார்கள். சீக்கியர்கள் ஒவ்வொரு நாளும் ஓதும் மூல மந்திரம் பிறந்ததும் இந்த இடத்தில்தான் என்பது மரபு.

அப்படிச் சொன்னவரை நவாபும், இஸ்லாமிய நீதிபதியான காஜியும் தொழுகைக்கு அழைத்தார்கள். போனார். எல்லோரும் குனிந்து எழுந்தபோது இவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "காஜியின் மனம் வீட்டில் புதிதாகப் பிறந்த குதிரைக்குட்டி கிணற்றில் விழுந்துவிடுமோ என்று அலைந்தது, நவாபின் மனம் காபூலில் குதிரை வாங்கிக்கொண்டிருந்தது, நான் யாரோடு தொழுவது?" என்றாராம். நவாப் ஒப்புக்கொண்டார் என்பதுதான் கதையில் எனக்குப் பிடித்த இடம். அது நடந்ததாகச் சொல்லும் இடத்தில் குருத்வாரா அந்தர்யாம்தா இருக்கிறது. கூட்டமே இருக்காது. நானும் அங்கே உட்கார்ந்திருக்கும்போது மனசு எங்கே போகிறது என்று கவனிப்பேன். பெரும்பாலும் வேலைக்குத்தான் போகும்.

பெரிய குருத்வாரா பேர் சாகிப், பேய்ன் கரையில். இலந்தை மரத்தின் பெயரால் அமைந்தது. குரு நானக் குளித்துவிட்டு வந்து தியானத்தில் உட்கார்ந்த மரம் என்று அங்கே ஓர் இலந்தையைக் காட்டுகிறார்கள். இன்றிருக்கும் கட்டடத்தைக் கட்டியவர் கபூர்தலா மகாராஜா ஜகத்ஜித் சிங். 1937-இல் அடிக்கல் நாட்டி 1941-இல் திறந்தார்கள். 2019 நவம்பரில் குரு நானக்கின் 550-ஆவது பிறந்த ஆண்டு விழா இங்கே பெரிய அளவில் நடந்தது. கூடாரங்களால் ஒரு தனி ஊரே எழுந்தது.

சரி, போகிறவர்களுக்குத் தெரிய வேண்டியவற்றுக்கு வருகிறேன். கோயில் பழக்கத்தோடு போகும் நம் ஆட்களுக்குச் சில விஷயங்கள் புதிதாக இருக்கும்.

தலையை மூடியாக வேண்டும், ஆணும் பெண்ணும் குழந்தையும். பெண்களுக்குத் துப்பட்டாவோ முந்தானையோ போதும். ஆண்களுக்கு வாசலிலேயே சதுரத் துணி கூடையில் வைத்திருப்பார்கள், இலவசம். தொப்பி போட்டுக்கொண்டு போவதை விரும்புவதில்லை. நான் எப்போதும் பையில் ஒரு பருத்திக் கைக்குட்டை, பெரியது, வைத்திருப்பேன். பலர் தலையில் கட்டிய பொதுத் துணியைவிட நம்முடையது வசதி. சிகரெட், பீடி, புகையிலை, ஹான்ஸ் எதுவும் சட்டைப்பையில் இருக்கக்கூடாது. இதில் அவர்கள் மிகக் கண்டிப்பு. உங்கள் டிரைவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செருப்பு விடும் இடத்தை ஜோடா கர் என்பார்கள். அங்கே செருப்பை வாங்கி டோக்கன் கொடுப்பவர் ஊழியர் இல்லை. வங்கி மேலாளராக இருக்கலாம், நிலம் நீச்சு உள்ளவராக இருக்கலாம், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவராகவும் இருக்கலாம். சேவையாகச் செய்கிறார்கள். அவர்களுக்குக் காசு நீட்டாதீர்கள், அது அவர்களைப் புண்படுத்தும். இரண்டு கையாலும் செருப்பைக் கொடுத்துக் கும்பிட்டால் போதும்.

வாசல் படிக்கு முன்னால் கால் நனைக்க ஓடும் தண்ணீர் இருக்கும். குளிர்காலத்தில் அதில் கால் வைத்துவிட்டுப் பளிங்குத் தரையில் நடப்பது நம் உடம்புக்குக் கடினம். டிசம்பர், ஜனவரியில் போனால் ஒரு சின்னத் துண்டு எடுத்துப் போய்க் காலைத் துடைத்துக்கொள்ளுங்கள், பாயோ விரிப்போ போட்ட பாதையில் நடங்கள். என் அம்மா வந்திருந்தபோது இந்தத் துண்டுதான் காப்பாற்றியது.

உள்ளே தேங்காய், கற்பூரம், அர்ச்சனை கிடையாது. சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாகிப் முன்னால் தரையில் நெற்றி பட வணங்கிவிட்டு, காணிக்கை போடுவதென்றால் முன்னாலிருக்கும் உண்டியலில் போடலாம், போடாமலும் இருக்கலாம். யாரும் பார்க்க மாட்டார்கள். அப்புறம் ஓரமாக உட்கார்ந்து கீர்த்தனை கேட்கலாம். கிரந்தம் இருக்கும் திசையில் காலை நீட்டாதீர்கள், முதுகைக் காட்டி உட்காராதீர்கள். வெளியே வரும்போது கடா பிரசாதம் தருவார்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரையில் செய்த அல்வா. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்க வேண்டும். கையில் நெய் வழியும், அப்படியே கையிலும் முழங்கையிலும் தேய்த்துக்கொள்கிற பெரியவர்களைப் பார்ப்பீர்கள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு நகர்வது மரியாதை இல்லை, கொஞ்சமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

போகும் நேரம் முக்கியம். விடியற்காலையில் ஆசா தீ வார் என்ற காலை வழிபாட்டுப் பாடலைப் பாடுவார்கள். அதைக் கேட்க எழுந்து போங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. தபேலாவும் ஆர்மோனியமும் அந்த நேரத்துக்கே உரிய நிதானத்தில் போகும், கூட்டமும் இருக்காது. மதியம் போனால் பஸ் பஸ்ஸாக இறங்கும் யாத்திரிகர்களுக்கு நடுவில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

லங்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கச் சாப்பாடு உண்டு. யார், எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்க மாட்டார்கள். தரையில் பந்தியாக உட்கார வேண்டும். தட்டை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். பருப்பு, ஒரு காய், ரொட்டி நிச்சயம் இருக்கும், பல நாள் பாயசம் போன்ற கீர் இருக்கும், சில நாள் சோறும் இருக்கும். எல்லாம் சைவம். ரொட்டியை அங்கே பர்ஷாதா என்பார்கள். பரிமாறுகிறவர் வரும்போது தட்டை நீட்டக்கூடாது, இரண்டு கைகளையும் ஏந்த வேண்டும். ரொட்டி கையில் விழும். போதும் என்றால் "பஸ் ஜி" என்று கையைக் கூப்பினால் நகர்ந்துவிடுவார்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம், மீதம் மட்டும் வைக்கக்கூடாது. ஆகவே முதலில் ஒரு ரொட்டி மட்டும் வாங்குங்கள். நம் ஆட்கள் காரம் கம்மி என்று நினைத்துப் பச்சை மிளகாய் கேட்பார்கள், கேட்டால் கொடுப்பார்கள்.

முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியாத பெரியவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், வாசலிலேயே சேவை செய்யும் ஒரு சேவாதாரிடம் சைகையிலாவது சொல்லிவிடுங்கள். ஓரமாக உட்கார வசதி செய்து தருவார்கள். என் அம்மாவுக்கு ஓர் இளைஞர் ஸ்டூல் கொண்டுவந்து போட்டு, சாப்பிட்டு முடியும்வரை பக்கத்திலேயே நின்றார். அம்மாவுக்குப் பஞ்சாபி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. "மாதா ஜி, தால்? மாதா ஜி, கீர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஊருக்கு வந்தபிறகும் அம்மா யாரிடம் பஞ்சாபைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பையனைப் பற்றித்தான் பேசினார்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பாமல் அடுக்களைப் பக்கம் போங்கள். சேவையில் சேர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தலையை மூடி, கையைக் கழுவிக்கொண்டு, பூண்டு உரிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் முன்னாலும் ஒரு குவியல் வந்து விழும். ஆரம்பத்துக்குப் பூண்டு, வெங்காயம், பட்டாணி நல்லது. ரொட்டி தேய்ப்பது பெண்களின் வரிசை, ஆண்கள் உட்கார்ந்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வட்டமாக வராவிட்டால் பக்கத்திலிருக்கும் பீபி ஜி உங்கள் கையிலிருந்து உருட்டுக்கட்டையை வாங்கிக் காட்டிக் கொடுப்பார். சுடுவது நீளமான இரும்புத் தகட்டில், அடியில் நெருப்பு எரியும். அங்கே அனுபவம் இல்லாமல் போகாதீர்கள், சூடு முகத்தில் அடிக்கும். எந்தப் பண்டத்தையும் சமைக்கும்போது ருசி பார்க்கக்கூடாது என்பது விதி.

என் விருப்பம் பாத்திரம் தேய்க்கும் இடம். மீதத்தைத் தட்டிவிடுவது ஒரு தொட்டி, சோப்புத் தண்ணீர் ஒன்று, நல்ல தண்ணீரில் அலசுவது அடுத்தடுத்து. தட்டு ஒரு முனையில் நுழைந்து கை மாறி மாறி மறுமுனையில் காயும் அடுக்குக்குப் போய்விடும். மேற்பார்வையாளர் என்று ஒருவர் இல்லை. எங்கே ஆள் குறைகிறதோ அங்கே ஒருவர் நகர்ந்துகொள்கிறார். தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது ஆச்சரியமாகவே இருக்கும். சம்பளம், ஷிஃப்ட், மெமோ எதுவும் இல்லாமல் ஆயிரக்கணக்கான தட்டு சுத்தமாகிறது. சேலையோ வேட்டியோ அங்கே நனைந்துவிடும், சல்வாரோ மடித்துவிடக்கூடிய பேண்டோ வசதி.

ஒருமுறை அங்கே என் பக்கத்தில் தட்டு அலசிக்கொண்டிருந்த வயசான சர்தார் எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன். உடனே "கலாம் சாப்!" என்றார், முகமே மலர்ந்துவிட்டது. குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் 2006-இல் இங்கே வந்தார், பேய்ன் ஆற்றைப் பார்க்க. அந்தப் பெரியவர் ராமேஸ்வரம் பற்றிக் கேட்டார். ராமேஸ்வரத்தில் குரு நானக் வந்துபோனதன் நினைவாக ஒரு குருத்வாரா இருக்கிறது, அது கலாமின் சொந்த ஊர் என்றதும் என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டார்.

கலாம் வந்து பார்த்த ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது. சுமார் 160 கிலோமீட்டர் ஓடும் காலி பேய்ன், 90-களின் முடிவில் ஆறாகவே இல்லை. வழியிலிருந்த ஊர்களின் சாக்கடையும் ஆலைக் கழிவும் சேர்ந்து, ஆகாயத்தாமரை மூடி, பல இடங்களில் வறண்டு கிடந்தது. குரு நானக் மூழ்கி எழுந்த தண்ணீரை நெற்றியில் தெளித்துக்கொள்ளக்கூட யாராலும் முடியவில்லை. 2000-இல் பக்கத்துச் சீச்சேவால் கிராமத்துத் துறவி பல்பீர் சிங் சீச்சேவால் தன் ஆட்களோடு தண்ணீரில் இறங்கி ஆகாயத்தாமரையைக் கையால் பிடுங்க ஆரம்பித்தார். குளத்தைத் தூர்வாருவது சீக்கியர்களுக்குப் பழைய வழக்கம், கார் சேவா என்பார்கள். அதை அவர் ஆற்றுக்குச் செய்தார். கிராமம் கிராமமாக ஆள் வந்தது. கூடையும் மண்வெட்டியுமாகச் சேறு அள்ளினார்கள், கரை கட்டினார்கள், மரம் நட்டார்கள், படித்துறை அமைத்தார்கள். மேலே வாய்க்கால்களிலிருந்து தண்ணீர் விடச் செய்தார்கள்.

ஆனால் சாக்கடை வந்துகொண்டே இருந்தால் சேறு அள்ளி என்ன பயன்? இந்தக் கேள்விக்கு அவர் கண்ட வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கிராமத்துக் கழிவுநீரை வரிசையான வட்டக் குழிகளில் சுற்றவிட்டு, மண்ணும் மிதப்பதும் தங்கியபின், ஒரு குளத்தில் தேக்கி, அங்கிருந்து மோட்டார் போட்டு வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். விவசாயிக்கு உரச்சத்துள்ள தண்ணீர், ஆற்றுக்குச் சாக்கடை இல்லை. சீச்சேவால் மாதிரி என்று இதைச் சொல்கிறார்கள். பெரிய எந்திரம் ஒன்றும் இல்லை. அவர் கிராமத்துக்குப் போய் இதை நேரில் பார்க்கலாம். நம் ஊராட்சித் தலைவர்கள் யாராவது பஞ்சாப் போனால் பொற்கோயிலுக்கு அடுத்து இதைப் பார்க்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். சீச்சேவாலுக்கு 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2022-இல் மாநிலங்களவைக்குப் போனார்.

ஆறு இப்போது முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் விடுவது குறைந்தாலோ, மேலே எங்கேயாவது கழிவு கலந்தாலோ மீன் செத்து மிதக்கும். அதனால் குளிக்கும் முன் அன்றைய தண்ணீரைப் பாருங்கள், படித்துறையில் இருப்பவர்களிடம் கேளுங்கள். பேர் சாகிப்பிலிருந்து கரையோடு நடக்கப் பாதை இருக்கிறது. மாலையில் வெயில் தாழ்ந்தபின் நடங்கள். சந்த் காட்டுக்கு இ-ரிக்‌ஷாவில் போகலாம். எல்லா குருத்வாராக்களையும் ஒரே சுற்றாகக் காட்ட இ-ரிக்‌ஷாக்காரர்கள் வருவார்கள், முதலிலேயே பேசி ஏறுங்கள். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்பதையும் சேர்த்துப் பேசிவிட்டால் பிறகு அவசரப்படுத்த மாட்டார்கள்.

தங்குவதற்குக் குருத்வாரா சராய்கள் உண்டு. ஆதார் அட்டை கட்டாயம் கேட்பார்கள். அறை எளிமையாக இருக்கும், கட்டணம் குறைவு. மாலைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். கார்த்திகை பௌர்ணமியில் குரு நானக் ஜெயந்தி வரும், நம் நாட்காட்டியில் ஐப்பசியிலோ கார்த்திகையிலோ விழும். அந்த வாரம் ஊர் முழுக்க விளக்கும் நகர் கீர்த்தன் ஊர்வலமுமாக இருக்கும், பார்க்க வேண்டிய காட்சி. ஆனால் தங்க இடம் கிடைக்காது. கபூர்தலாவிலோ ஜலந்தரிலோ அறை போட்டுக்கொண்டு வந்துபோவது நல்லது. அந்த நேரத்தில் அறுவடை முடிந்த வயல்களில் நெல் தாள் எரிக்கும் புகையும் இருக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மாத்திரை, இன்ஹேலரோடு போங்கள், அல்லது பிப்ரவரி கடைசி, மார்ச்சுக்குத் தள்ளிவையுங்கள். அப்போது கோதுமை பச்சையாக நிற்கும், குளிரும் குறைந்திருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் சரியான காலம்.

டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம். ரயில் பல மணி நேரம் தாமதமாகும், காலையில் சாலையில் முன்னால் போகும் டிராக்டர் தெரியாது. இரவுப் பயணத்தையும் விடியற்காலைப் பயணத்தையும் தவிருங்கள். அந்த மாதங்களில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்களின் கூட்டமும் சேரும். பியாஸுக்கும் சட்லெஜுக்கும் நடுவிலிருக்கும் இந்தப் பகுதி தோஆபா. வீட்டுக்கு ஒருவராவது இங்கிலாந்திலோ கனடாவிலோ இத்தாலியிலோ இருப்பார்கள். சுற்றுக் கிராமங்களில் மாளிகை போன்ற வீடுகள் பூட்டிக் கிடக்கும், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை விமானம் போலவும் பருந்து போலவும் கட்டியிருப்பார்கள். குளிர்காலத்தில் அவை திறக்கும், கல்யாணங்கள் நடக்கும், டாக்ஸி கிடைக்காது.

ஜூலை முதல் செப்டம்பர் வரை இன்னொரு கவலை. சுல்தான்பூர் லோதியின் மண்ட் என்ற ஆற்றுப்படுகைக் கிராமங்கள் 2023-இலும் 2025-இலும் வெள்ளத்தில் மூழ்கின. படகில் லங்கர் சாப்பாடு போனது. மழைக்காலத்தில் கிளம்பும் முன் செய்தியைப் பார்த்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தமான் எக்ஸ்பிரஸ் லூதியானா, ஜலந்தர் கண்டோன்மெண்ட் வழியாகப் போகிறது, தினமும் இல்லை. இல்லையென்றால் டெல்லி போய் மாறலாம். ஜலந்தரிலிருந்து ஃபெரோஸ்பூர் பாதையில் கபூர்தலா தாண்டி சுல்தான்பூர் லோதி நிலையம் வரும், டெல்லியிலிருந்தே வரும் சர்பத் தா பலா எக்ஸ்பிரஸும் இங்கே நிற்கும். பஸ்ஸும் அடிக்கடி உண்டு. பலகைகள் பெரும்பாலும் குர்முகி எழுத்தில் இருக்கும் என்பதால் போக வேண்டிய இடங்களின் பெயரைப் போனில் குர்முகியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், காட்டினால் போதும். வயதில் பெரிய ஆணைப் பாஜி என்றும் பெண்ணைப் பெஹன்ஜி என்றும் கூப்பிட்டால், உடைந்த இந்தியிலேயே வழி கிடைக்கும்.

இன்னும் அரை நாள் கையில் இருந்தால் பரோவானா கிராமத்துக்குப் போய்வாருங்கள். குரு நானக் பாட, கூடவே ரபாப் என்ற நரம்பு வாத்தியம் வாசித்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தவர் மர்தானா என்ற முஸ்லிம் நண்பர். அந்த ரபாபைச் செய்து கொடுத்தவர் பாய் ஃபிரந்தா, அவர் ஊர் பரோவானா. வாங்கப் பணம் கொடுத்தது அக்கா பேபே நானகி. அங்கே ரபாப்சர் சாகிப் என்று ஒரு குருத்வாரா இருக்கிறது. யாத்திரை பஸ்கள் அதிகம் வருவதில்லை, அதனால் நிதானமாக உட்காரலாம். திரும்பும்போது ஊரில் பேபே நானகியின் வீடு இருந்த இடத்தையும் பார்த்துவிட்டு, பியாஸ் ஆற்றைத் தாண்டி கோயிந்த்வால் சாகிப் வழியாகவே அமிர்தசரஸ் போய்விடலாம். ஜலந்தருக்குத் திரும்பி நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை.